பதினோராம் அதிகாரத்துப் பொன்னையா

குப்புராஜுக்குக் கண்புரை இருப்பது ஏசுபாதத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு விசுவாசி இத்தகைய ஆறுதலை அடையலாமா என்னும் கேள்வியை, நாவல் வெளியான பிறகு ஆராய்வதாக அவர் ஒத்திவைத்திருந்தார்.

அந்த ஆறுதலும் ஒரு நாள் காலையில், காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

"வாத்தியாரே, புக்கு வந்ததும் மொத காப்பி எனுக்குத்தான். அட்டையிலேர்ந்து அட்ட வரைக்கும் படிச்சிட்டுத்தான் மறுவேல" என்றார் குப்புராஜ்.

"உங்களுக்கு இல்லாமலா அண்ணே. ஆனா எழுத்து ரொம்பப் பொடி. உங்க கண்ணுக்கு ஒத்துக்காது."

"எவ்ளோ பொடி?"

ஏசுபாதம் தம் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். பின்பு அதில் பாதியை மறைத்தார். போதாதென்று தோன்றவே, மிச்சத்திலும் பாதியை மறைத்தார். தாம்பரத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். மாணவர்களின் சந்திப்பிழைகளை ஒருபோதும் மன்னித்ததில்லை. பொய்யில் மட்டும் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை.

குப்புராஜ் அந்த நகத்தைக் கண்ணருகே இழுத்து வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே. அப்ப ஆபரேசன் பண்ணிக்கவேண்டியதுதான்."

"ஐயோ, வேண்டாம் அண்ணே. ஒரு கதைப் புத்தகத்துக்காகக் கண்ணுல கத்தி வைப்பாங்களா?"

"கதப் புக்கா? நீ எழுதின புக்குய்யா" என்று சொல்லிவிட்டுக் குப்புராஜ் எழுந்து போனார்.

அன்று மாலையே அவருடைய மகள் ஜீவிதா தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அஞ்சு வருஷமா நான் கெஞ்சிட்டிருக்கேன். ஊசின்னாலே ஓடுவாரு. உங்க புக்குன்னதும் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேர் குடுத்துட்டு வந்துட்டாரு. கர்த்தர்தான் உங்களைப் பேச வச்சாரு."

தம்மைப் பேச வைத்தவர் கர்த்தர் அல்லர் என்பது ஏசுபாதத்துக்குத் தெரியும்.

நாவலின் பெயர் 'ஏழாவது பெஞ்சு'. முடிச்சூர் சாலையில் உள்ள ஒரு சிறு சபையின் கதை. அதன் பதினோராம் அதிகாரம் முழுவதையும் பொன்னையா என்னும் சபைச் செயலாளர் நிரப்பியிருந்தார். பொன்னையா நீளமாக ஜெபிப்பவர்; சுருதியைவிடச் சத்தத்தை நம்பிப் பாடுபவர்; சாவு வீட்டில் முதலில் சமையற்காரரை விசாரிப்பவர். ஏசுபாதத்தின் சபைச் செயலாளர் குப்புராஜ். அவரும் நீளமாக ஜெபிப்பார், சத்தமாகப் பாடுவார், சாவு வீட்டில் சமையற்காரரை விசாரிப்பார். சபையில் யாரும் இலக்கியத் திறனாய்வு படித்தவர்கள் அல்லர். எனினும் பொன்னையா யாரென்று அறிய அது தேவைப்படாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், ஏசுபாதம் எழுதி இயக்கிய நாடகத்தை மூன்றாம் காட்சியிலேயே குப்புராஜ் நிறுத்திவிட்டார். பிரியாணி ஆறிப்போகிறது என்பது அவர் மேடையேறிச் சொன்ன காரணம். நான்காம் காட்சியில் வரவேண்டிய மேய்ப்பர்கள் பந்தியில் அமர்ந்திருந்தார்கள். அந்தக் கோபம் தணியுமுன் எழுதப்பட்டது பதினோராம் அதிகாரம்.

பிற்பாடு பெருவெள்ளம் வந்தது. அடையாறு முடிச்சூருக்குள் புகுந்து, ஏசுபாதத்தின் வீட்டில் சன்னல் உயரத்துக்கு நின்றது. கோவளத்திலிருந்து வந்த மீனவர்களின் படகில் வந்து இறங்கியவர் குப்புராஜ். முதலில் ஏசுபாதத்தின் மனைவி புஷ்பலதாவைப் படகேற்றினார், அடுத்து ஏசுபாதத்தை. பிறகு, "உன் கத பேப்பரு எங்க கீது?" என்று கேட்டு, திரும்ப வீட்டுக்குள் போய், அலமாரி உச்சியிலிருந்த பையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்துவந்தார். பொன்னையாவும் அந்தப் பையில்தான் இருந்தார்.

அன்றே அந்த அதிகாரத்தைக் கிழித்திருக்க வேண்டும். ஏசுபாதம் கிழிக்கவில்லை. நாவல் எங்கே அச்சாகப்போகிறது என்று இருந்துவிட்டார். பத்துப் பதிப்பகங்கள் பதில் எழுதாததில் அவருக்கு வருத்தம் இருந்தது; ஓரளவு பாதுகாப்பும் இருந்தது. அந்தப் பாதுகாப்பைக் கலைத்தவரும் குப்புராஜ்தான். பல்லாவரத்தில் ஓர் அச்சகத்தைத் தேடிப் பிடித்தார். கையெழுத்துப் படியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே வெளியீடு என்று நாள் குறித்தார். இந்த நாளுக்காக எத்தனையோ வருடம் முழந்தாளில் நின்றவர் ஏசுபாதம். அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதை அறிந்தபோது, அதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று யோசித்தார்.

"எழுதறப்போ ஆவியானவர் ஏவினாருன்னு சொன்னீங்க" என்றாள் புஷ்பலதா. அந்த அதிகாரத்தைப் படித்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

"அது பொதுவாச் சொன்னது."

"அப்ப பொன்னையாவை மட்டும் யார் ஏவினா?"

ஏசுபாதம் சட்டையை மாட்டிக்கொண்டு ஆயரைப் பார்க்கப் போனார்.

ஆயர் மோகன்ராஜ் இளையவர். யார் சொன்னதையும் உடனே நம்பக்கூடியவர். வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்று ஏசுபாதம் கேட்டுக்கொண்டார்.

"என்ன காரணம் ஐயா?"

"சில தடைகள் இருக்கு பாஸ்டர்."

"எப்படிப்பட்ட தடை?"

"வெளியே சொல்ற மாதிரி இல்லை. உள்ளுக்குள்ள."

வேறு எந்தச் சமூகத்திலும் இந்தப் பதில் ஒரு தயக்கமாக மட்டுமே கொள்ளப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வேளையில் ஆயர் எழுந்து, "நம்முடைய வாத்தியார் ஐயாவின் புத்தகத்துக்கு விரோதமாகச் சத்துருவாகிய சாத்தான் தடைகளைக் கொண்டுவருகிறான், சபையார் பாரப்பட்டு ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்றார். சபை முழுவதும் ஏசுபாதத்தைத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டியது. குப்புராஜ் அங்கேயே எழுந்து, சனிக்கிழமை உபவாச ஜெபம் என்று அறிவித்தார். புத்தகம் வெளியே வரும்வரைக்கும் சனிக்கிழமைதோறும்.

"தள்ளி வைக்கப் போனீங்களே, தள்ளியாச்சா?" என்று வீட்டுக்கு வந்ததும் புஷ்பலதா கேட்டாள்.

"சனிக்கிழமை சமைக்காதே. உபவாசம்."

சனிக்கிழமை வந்தது. முப்பது பேர் பசியோடு முழங்காலில் நின்றார்கள். நடுவில் ஏசுபாதம், அவர் தோளில் குப்புராஜின் கனமான கை. தாம்பரத்து மின்ரயில் பணிமனையில் ஆயுள் முழுவதும் ஸ்பேனர் பிடித்த கை அது. குப்புராஜ் வேதாகமத் தமிழில்தான் ஜெபத்தைத் தொடங்குவார். காரியம் அவசரமாக ஆக, பேச்சு பணிமனைக்கு இறங்கிவிடும்.

"சர்வவல்லமையுள்ள தேவனே, இந்தப் புத்தகத்துக்கு விரோதமாய் ஒரு கரம் எழும்பியிருக்கிறதை நீர் காண்கிறீர். அது எந்தக் கையின்னு உனக்குத் தெரியும்பா. அத ஒடச்சி கிடச்சிடாத. பாவம், அது பயந்துகினு கீது. அந்த பயத்த மட்டும் எடுத்துப் போட்று."

"ஆமென்" என்றது கூட்டம். ஏசுபாதம் தம் வலக்கையைப் பார்த்தார். அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தள்ளிவைக்கும் வழி இவ்வாறு ஜெபத்தால் அடைக்கப்பட்டதும், திருத்தும் வழி ஒன்றே எஞ்சியது. ஒரு வாரம் உட்கார்ந்து பதினோராம் அதிகாரத்தை அவர் புதிதாக எழுதினார். புதிய பொன்னையா இரண்டு வரியில் ஜெபித்தார். பாடும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. சாவு வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தார். ஓய்ந்த நேரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் வாங்கிக் கொடுத்தார். ஒற்று மிகும் இடங்களில் எல்லாம் மிகுந்திருந்தது. மிகா இடங்களில் ஓரிடத்தும் மிகவில்லை.

புஷ்பலதா படித்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"ஒரு தப்பும் இல்லைங்க" என்றாள். மூன்றாம் பக்கத்தில் அவள் கொட்டாவி விட்டதை அவர் கவனித்திருந்தார்.

இதற்கிடையில் குப்புராஜின் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, சிலகாலம் எதையும் படிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். கடைசி விலக்கை ஏசுபாதம் ஜீவிதாவிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவளுக்கு அவருடைய அக்கறை நெஞ்சைத் தொட்டது.

திருத்திய தாள்களுடன் அவர் பல்லாவரத்துக்கு ரயிலேறினார். அது வெள்ளிக்கிழமை, சந்தை நாள். பழைய மின்விசிறிகளையும் கால் ஒடிந்த நாற்காலிகளையும் கடந்து, அச்சகத்தின் படியேறினார். உள்ளே, கணினிக்கு அருகில் கிடந்த ஸ்டூலில், பட்டையான கறுப்புக் கண்ணாடி அணிந்தபடி குப்புராஜ் அமர்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"யாரு, வாத்தியாரா? செருப்பு சத்தத்த வச்சே கண்டுபுடிச்சேன்."

"நீங்க எங்க அண்ணே இங்க? ரெஸ்ட் எடுக்கணுமே."

"சந்தைக்கு வந்தேன். அப்டியே நம்ப வேலைய கொஞ்சம் முடுக்கிவுட்டுப் போலாம்னு. நான் வந்து குந்தலன்னா இந்தப் பொண்ணு கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போயிடுது."

"சார் வரலன்னா எனக்கும் பஜ்ஜி கிடைக்காது" என்றாள் ஆஷா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள் அவள். சிகிச்சைக்கு முன்பு குப்புராஜ் நாள் தவறாமல் அங்கே வந்து போனது ஏசுபாதத்துக்குத் தெரியும். படிக்க முடியாதவரை அச்சகத்தில் உட்காரவைப்பதில் என்ன அபாயம் இருக்க முடியும்?

அவர் தாள்களை மேசைக்குக் கீழாக ஆஷாவிடம் நீட்டினார். பழைய அதிகாரத்தை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும் என்பதைத் தாளின் தலையில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

"இன்னாய்யா அது, சலசலன்னு?"

"ஒண்ணுமில்லை அண்ணே. ஒரு கமா விட்டுப்போச்சு."

"கமாவுக்கா இவ்ளோ பேப்பரு?"

"பெரிய கமா அண்ணே."

ஆஷா சிவப்பு மையைப் படித்தாள். ஏசுபாதத்தை ஒருமுறை பார்த்தாள். "ஏன் சார், நல்லாத்தானே இருந்துச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இலக்கியக் காரணம்மா."

"சரி, இதையே வச்சிடறேன். நாளைக்கு மிஷின் ஏறணும். கடைசியா யார் ஓகே சொல்லுவீங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். வாத்தியாருக்கு வெளியீட்டுக்குப் பேச்சு தயார் பண்ணவே டைம் பத்தாது" என்றார் குப்புராஜ்.

ஏசுபாதம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். ரயிலில் சன்னலோர இடமும் கிடைத்தது. குரோம்பேட்டை தாண்டும்போது, பழைய பொன்னையாவின் ஒரு வரி காரணமில்லாமல் நினைவுக்கு வந்து, அவர் தமக்குள் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே நெஞ்சில் ஏதோ வலித்தது. பல ஆண்டுகளில் அவர் எழுதிய அத்தனை பக்கங்களிலும், தம்மை மறந்து சிரித்த இடம் அது ஒன்றுதான். எதிரில் இருந்தவர் இவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, தூசிக்காகச் சன்னலை இறக்கிவிட்டார்.

வெளியீட்டுக்கு முந்தைய மாலை, புத்தகக் கட்டுகள் ஆலயத்தின் பக்க அறைக்கு வந்து சேர்ந்தன. ஏசுபாதம் தனியாகச் சென்று ஒரு கட்டைப் பிரித்தார். முதலில் அட்டையை முகர்ந்தார். தம் பெயரை விரலால் தடவினார். தந்தை வைத்த பெயர். அதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு பதினோராம் அதிகாரத்தைத் திருப்பினார்.

'பொன்னையா ஜெபிக்கத் தொடங்கினால் தேவதூதர்களும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.'

அவர் அங்கிருந்த பாய்ச்சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பிரதியை எடுத்தார். அதிலும் தேவதூதர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பிரதியிலும் பார்த்தார்கள். ஆஷாவைத் தொலைபேசியில் அழைத்தார், மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஏசுபாதம் யோசித்தார். சபையார் புத்தகத்தை வாங்குவார்கள், வாசிக்கமாட்டார்கள். இதில் அவருக்கு உறுதியான விசுவாசம் இருந்தது. வாசிக்கக்கூடிய ஒரே ஆள் குப்புராஜ். அவருக்கும் ஜீவிதாதான் படித்துக் காட்ட வேண்டும். ஆகவே ஆபத்து முதற்பிரதியில் மட்டுமே இருக்கிறது. குப்புராஜுக்காக வண்ணத்தாள் சுற்றித் தனியே வைக்கப்பட்டிருந்த அந்தப் பிரதியைப் பிரித்தார். அங்கிருந்த பிளேடால், முதுகையொட்டி, பதினோராம் அதிகாரத்தை மட்டும் அறுத்தெடுத்தார். ஒரு நூல் பிசகவில்லை. வாழ்நாளில் அவர் செய்த மிகச் சுத்தமான திருத்தம் அதுவே. திரும்ப வண்ணத்தாளைச் சுற்றி, அறுத்த தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடியுடன் குப்புராஜ், பக்கத்தில் ஜீவிதா. மீதிக் கட்டுகளைக் கொண்டுவந்த ஆஷா பின்னால் சுவரோரம் நின்றாள். நற்செய்தி வாசிக்கப்பட்டது, பிரசங்கம் முடிந்தது. ஆயர் வண்ணத்தாளைப் பிரித்து, முதற்பிரதியை இரு கைகளிலும் உயர்த்தி ஜெபித்தார். இனி அதைக் குப்புராஜிடம் கொடுப்பது ஒன்றே பாக்கி. ஏசுபாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆயர் கொடுக்கவில்லை.

"செயலாளர் ஐயாவால் இப்போது வாசிக்க முடியாது. அவர் கையில் கொடுக்குமுன், அவருக்காக நாமே ஒரு பகுதியை வாசிப்போம். நாம் தேடிப் பிடிக்கவேண்டாம். கைக்கு எந்தப் பக்கம் வருகிறதோ, அது ஆண்டவர் தருகிற பக்கம்" என்று சொல்லி, கண்ணை மூடிப் புத்தகத்தை விரித்தார்.

நடுவில் தாள்களை இழந்த புத்தகம் வேறு எங்கே விரியும்? முதுகு முறிந்த இடத்தில், கீழ்ப்படிதலோடு விரிந்தது.

ஆயர் வாசித்தார்: "'ஆலயக் கதவு மெல்லத் திறந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே நுழைந்தவர்...'" எதிர்ப்பக்கத்துக்குப் போனார். "'...ஆட்டுக்குட்டி ஈன்றிருந்தது.'" மறுபடி பின்னால் போனார். முன்னால் வந்தார். "நடுவில் பக்கங்கள் இல்லையே."

"இருக்காதே பாஸ்டர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஆஷாவுக்கு முகம் சிவந்திருந்தது. "ஒவ்வொரு பாரமும் பக்கம் பக்கமா நானே சரி பார்த்தது. இருங்க."

"பரவாயில்லை பாஸ்டர், வேறு இடம் வாசிக்கலாம்" என்றார் ஏசுபாதம் எழுந்து. "பன்னிரண்டாம் அதிகாரம் ரொம்ப ஆசீர்வாதமா இருக்கும்."

"இல்ல ஐயா. தடை வருகிற இடத்தில்தான் ஆசீர்வாதம் இருக்கிறது" என்றார் ஆயர்.

ஆஷா ஒரு கட்டை உடைத்து, புதிய பிரதியில் பதினோராம் அதிகாரத்தை விரித்து, விரலை வைத்தபடி ஆயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு பத்தி வாசிப்பதாக இருந்தது, சத்துரு மறைத்த அதிகாரம் என்பதனால் முழுதாக வாசிக்கப்பட்டது.

"'பொன்னையா ஜெபிக்கத் தொடங்கினால் தேவதூதர்களும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.'"

முதலில் சிரித்தவர் குப்புராஜ். அனுமதி கிடைத்ததுபோல் சபையும் சிரித்தது. அடுத்த வரிக்கு இன்னும் பலமாகச் சிரித்தது. மூன்றாம் வரிக்குப் பிறகு, சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக முன் வரிசையை நோக்கித் திரும்பலாயின. ஆயருக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் குரல் தாழ்ந்தது. ஆயினும் ஆண்டவர் தந்த பக்கத்தைப் பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவருக்கு இறையியற் கல்லூரியில் கற்பிக்கப்படவில்லை. "'சாவு வீட்டில் பொன்னையாவின் கண் முதலில் தேடுவது பிணத்தை அன்று'" என்ற வரியை அவர் ஏறத்தாழ முணுமுணுத்தார். ஆலயம் அமைதியாக இருந்ததால் அது நன்றாகக் கேட்டது.

ஏசுபாதம் குப்புராஜைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியில் சன்னலின் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. கன்னத்தில் ஈரமாக ஒரு கோடு இறங்கியிருந்தது. சொட்டு மருந்தாக இருக்கலாம். அது சொட்டு மருந்தாக இருக்க வேண்டும் என்று ஏசுபாதம் அந்தக் கணத்தில் வேண்டிக்கொண்டதுபோல், தம் நாவலுக்காகக்கூட ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை.

முடிவு ஜெபம் செயலாளருடையது. குப்புராஜ் ஜீவிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீண்ட ஜெபத்துக்குத் தயாராகச் சபை முழங்காலிட்டது.

"அப்பா, எழுதின கைய ஆசீர்வதியும். ஆமென்."

பாதிப் பேர் இன்னும் கண்ணை மூடியிருக்கவில்லை. முதியவர்கள் சிலர் அப்போதுதான் முழங்காலைத் தரையில் வைத்திருந்தார்கள். அந்தச் சபையின் வரலாற்றில் குப்புராஜ் செய்த மிகச் சிறிய ஜெபம் அது.

வெளியே பந்தலில் சமோசாவும் காபியும் கொடுத்தார்கள். குப்புராஜ் அந்தப் பக்கம் திரும்பாமல் ஜீவிதாவின் ஸ்கூட்டியை நோக்கி நடந்தார். ஏசுபாதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் வழிமறித்தார்.

"அண்ணே, ஒரு சமோசாவாவது..."

"வேணாம்யா. மருந்து ஊத்துற டைம் ஆயிடுச்சி."

"அண்ணே, அந்த அதிகாரம்... அது ரொம்ப நாளைக்கு முன்ன..."

"தெரியும்யா, பிரியாணி வருசம்" என்றார் குப்புராஜ். தடவிப் பார்த்து ஏசுபாதத்தின் கையைக் கண்டுபிடித்து, ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார். "நல்லா கீது வாத்தியாரே. போய் ஜனங்களுக்குக் கையெழுத்து போடு. வரிசையில நிக்கிறாங்க பாரு."

உண்மையாகவே வரிசை நின்றது. அது முழுவதும் பதினோராம் அதிகாரத்துக்காக நின்ற வரிசை. ஏசுபாதம் ஒவ்வொரு பிரதியிலும் 'கிறிஸ்துவின் அன்பில்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். 'அன்பில்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பேனா கொஞ்சம் தயங்கியது. மன்னிப்பு என்ற சொல்லை இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மாணவர்களுக்குப் பகுபதமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது முழுதாகக்கூட அது வாயில் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு புஷ்பலதா வந்து ஆறிப்போன காபியை வைத்தாள்.

"எல்லாம் வித்துப்போச்சுன்னு சொல்றாங்க."

"ம்."

"வீட்டுக்குப் போற வழியில அண்ணன் வீட்டுக்குப் போயிட்டுப் போலாங்க."

"என்னன்னு சொல்றது?"

புஷ்பலதா காபியை அவர் பக்கம் நகர்த்தினாள். இன்று குத்திக்காட்ட அவளுக்கும் மனம் வரவில்லை.

பந்தலின் ஓரத்தில் ஆஷா மீந்த அட்டைகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். ஏசுபாதம் அவளிடம் போனார். கோபம் தமக்குச் சொந்தமானது அன்று என்பதை அறிந்திருந்தும், அதைச் சிறிது நேரமேனும் யாரிடமாவது கொடுத்துவைக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா, ஒரு மனுஷனோட மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இது. சிவப்பு மையில எழுதிக் குடுத்திருந்தேனே. நீயும் வச்சிடறேன்னு சொன்னியே. மாத்தின அதிகாரத்தை ஏன் போடல?"

ஆஷா முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணு தெரியாதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே முழு நாவலையும் குப்புராஜ் சாருக்கு நான்தானே சார் படிச்சுக் காட்டினேன், அன்னிக்கு நீங்க போனதும் அந்தப் புதுசையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, 'இந்த நல்லவன் யாருன்னு எனுக்குத் தெரியலம்மா, அந்தப் பழையவனையே போட்று, வாத்தியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்'னாரே, சொல்லலியா?"